கணக்கு நோட்டில் கடவுளைத் தேடியவர்!

டிசம்பர் மாதம் பிறந்துவிட்டால், உடுமலைப்பேட்டையில் கிறிஸ்தவர்களின் வீட்டு வாசலில் காகித நட்சத்திரம் தொங்கும். இரவில் அதற்குள் விளக்கு எரியும். கிறிஸ்துமஸ் அன்று பக்கத்து வீடுகளுக்குப் பலகாரம் போகும். தைப் பொங்கல் அன்று பக்கத்து வீடுகளில் இருந்து பொங்கலும் கரும்பும் வரும்.

நட்சத்திரத்தைப் பார்த்ததும், "இது கிறிஸ்தவர் வீடு" என்று சொல்லிவிடலாம்.

ஆனால், அந்த வீட்டில் இருப்பவர் உண்மையான கிறிஸ்தவர்தானா? அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஞாயிறுதோறும் கோவிலுக்குப் போவதை வைத்தா? கையில் இருக்கும் வேத புத்தகத்தை வைத்தா? கழுத்தில் தொங்கும் சிலுவையை வைத்தா?

இவை எல்லாம் வெளி அடையாளங்கள். நெற்றியில் இடும் திருநீறு போல, தலையில் வைக்கும் தொப்பி போல. அடையாளம் இருந்தால் மட்டும் பக்தி வந்துவிடாது.

சந்தைக் கடையில் தொங்கும் தராசைப் பாருங்கள். தோட்டத்தில் வேலை செய்கிறவருக்குச் சனிக்கிழமை எண்ணிக் கொடுக்கும் கூலியைப் பாருங்கள். வீட்டுக்கு வரும் வேலைக்காரம்மாவுக்கு எந்தத் தட்டில் சோறு போடுகிறார்கள் என்று பாருங்கள். உண்மை அங்கேதான் தெரியும்.

இது புதிய பேச்சு அல்ல. பைபிளிலேயே ஒரு வரி வசூல்காரரின் கதை இருக்கிறது. சகேயு என்பது அவர் பெயர். குள்ளமான மனிதர், பெரிய பணக்காரர். இயேசுவைப் பார்க்க மரத்தில் ஏறி உட்கார்ந்திருந்தார். இயேசு அவருடைய வீட்டுக்கே விருந்தாளியாக வந்தார்.

அன்று சகேயு என்ன செய்தார்? பாட்டுப் பாடவில்லை. பிரசங்கம் செய்யவில்லை. "சொத்தில் பாதியை ஏழைகளுக்குத் தருகிறேன். யாரையாவது ஏமாற்றி வாங்கி இருந்தால் நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன்" என்ற கருத்தில் கணக்குச் சொன்னார்!

அவருடைய மனமாற்றம் கணக்கில் தொடங்கியது.

நமது தமிழ்நாட்டிலும் அப்படி ஒரு மனிதர் இருந்தார். அவருடைய தொழிலே கணக்குத்தான்!

தஞ்சையில் பிறந்த கணக்கர்

உடுமலையில் இருந்து கிழக்கே பழனி சாலையில் புறப்பட்டால், பழனி, ஒட்டன்சத்திரம், திண்டுக்கல், மதுரை, திருமங்கலம் என்று ஊர்கள் வரும். அதற்கும் அப்பால், ராஜபாளையம் போகும் வழியில் இருக்கிறது தே. கல்லுப்பட்டி. அங்கே காந்தி நிகேதன் ஆசிரமம் உள்ளது. அந்த ஆசிரமத்தில் ஒரு சிறு வீட்டில் தன் கடைசிக் காலத்தைக் கழித்தார் அந்த மனிதர்.

அவர்தான் ஜே. சி. குமரப்பா!

1892-ம் ஆண்டு ஜனவரி மாதம் 4-ந் தேதி தஞ்சாவூரில் பிறந்தார். கிறிஸ்தவக் குடும்பம். தகப்பனார் அரசாங்க மராமத்து இலாகாவில் உத்தியோகம் பார்த்தவர். தாயார் பெயர் எஸ்தர். பிள்ளைக்கு வைத்த பெயர் ஜோசப் செல்லத்துரை கார்னிலியஸ்.

செல்லத்துரை லண்டனுக்குப் போய்க் கணக்குத் தணிக்கைப் படிப்புப் படித்தார். திரும்பி வந்து பம்பாயில் தணிக்கை அலுவலகம் நடத்தினார். நல்ல வருமானம். கோட்டு, சூட்டு, டை. சாப்பாடு, பேச்சு எல்லாமே வெள்ளைக்காரப் பாணி.

அதோடு நின்றிருந்தால், அவரும் ஆயிரத்தில் ஒருவராகப் போயிருப்பார். மேல்படிப்புக்காக அமெரிக்கா போனார். அங்கேதான் திருப்பம் ஏற்பட்டது.

ஒரு கேள்வி

அமெரிக்காவில் ஒரு தேவாலயத்தில் அவரைப் பேச அழைத்தார்கள். "இந்தியா ஏன் ஏழை நாடாக இருக்கிறது?" என்பதைப் பற்றிப் பேசினார். அந்தப் பேச்சு பத்திரிகையில் வந்தது.

கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அவருக்குப் பேராசிரியராக இருந்தவர் செலிக்மன். அவர் அந்தச் செய்தியைப் படித்தார். இதையே ஆராய்ச்சி செய்யும்படி மாணவருக்குச் சொன்னார்.

கணக்கர் உட்கார்ந்து கணக்குப் போட்டார். இந்தியாவில் வசூலாகும் வரி எவ்வளவு? அது யாருக்காகச் செலவாகிறது? ராணுவத்துக்கு எவ்வளவு? ஏழைக் குடியானவனுக்கு என்ன கிடைக்கிறது?

கணக்கு முடிந்தபோது அவர் மனமும் மாறிவிட்டது. வெள்ளையர் ஆட்சியை நல்ல ஆட்சி என்று நம்பி வளர்ந்த கிறிஸ்தவ வாலிபர், அந்த ஆட்சி ஏழைகளை உறிஞ்சுகிறது என்று தெரிந்துகொண்டார்.

கார்னிலியஸ் என்ற பெயரை விட்டு, குடும்பத்தின் பழைய பெயரான குமரப்பா என்பதை எடுத்துக்கொண்டார். பெயரைத்தான் மாற்றினார். மதத்தை மாற்றவில்லை. கடைசி மூச்சுவரை கிறிஸ்தவராகவே வாழ்ந்தார்.

மரத்தடியில் ஒரு கிழவர்

1929-ம் ஆண்டு மே மாதம் 9-ந் தேதி. தன் ஆராய்ச்சியைக் காட்டுவதற்காகக் குமரப்பா சபர்மதி ஆசிரமத்துக்குப் போனார். பட்டுத் துணியில் தைத்த சூட்டு போட்டிருந்தார்.

ஒரு மரத்தடியில், சாணம் மெழுகிய தரையில் உட்கார்ந்து ஒரு கிழவர் நூல் நூற்றுக்கொண்டிருந்தார். குமரப்பா அவரை வேடிக்கை பார்த்தபடி நின்றார். கொஞ்ச நேரத்தில் அந்தக் கிழவரே, "நீங்கள்தான் குமரப்பாவா?" என்று கேட்டார்.

அப்போதுதான் அவர் யார் என்பது குமரப்பாவுக்கு விளங்கியது. ஆம், காந்தியடிகள்!

பட்டுச் சூட்டோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார் குமரப்பா. அன்று உட்கார்ந்தவர் பம்பாய் வாழ்க்கைக்குத் திரும்பவில்லை. கதர் உடுத்தினார். குஜராத்தில் மாத்தர் தாலுகாவில் 54 கிராமங்களின் வரவு செலவை மாணவர்களுடன் சேர்ந்து ஆராய்ந்தார். காந்தியடிகளின் 'யங் இந்தியா' பத்திரிகையை நடத்தினார். அதற்காகச் சிறைக்கும் போனார்.

சொந்த மதத்தாரிடமே கேள்வி!

சத்தியாக்கிரகம் செய்தவர்களைப் போலீசார் தடியால் அடித்த காலம் அது. பல கிறிஸ்தவத் தலைவர்கள் வாய் திறக்கவில்லை. ஆட்சி செய்கிறவர்களும் கிறிஸ்தவர்கள் ஆயிற்றே!

குமரப்பா சும்மா இருக்கவில்லை. 1930-ம் ஆண்டிலேயே கிறிஸ்தவ ஊழியர்களுக்குப் பகிரங்கமாக வேண்டுகோள் விடுத்தார். அடிபட்டும் திருப்பி அடிக்காமல் நிற்பவர்கள் ஒரு பக்கம்; தடி எடுத்தவர்கள் ஒரு பக்கம். இயேசு எந்தப் பக்கம் நிற்பார் என்பதுதான் அவர் எழுப்பிய பிரச்சினை.

இப்படிக் கேட்பது எளிது அல்ல. ஊரை எதிர்த்துப் பேசலாம். சர்க்காரை எதிர்த்துப் பேசலாம். சொந்தக்காரர்கள், கூடப் படித்தவர்கள், ஒரே கோவிலில் மண்டியிட்டவர்கள் முகம் திருப்பிக்கொள்ளும்படி பேசுவது மிகவும் கடினம். குமரப்பா அதைச் செய்தார்.

மூன்று அணா!

1934-ம் ஆண்டு ஜனவரி 15-ந் தேதி பீகாரில் பயங்கரமான பூகம்பம் ஏற்பட்டது. ஆயிரக்கணக்கான பேர் மாண்டார்கள். நாடெங்கும் இருந்து நிவாரணப் பணம் குவிந்தது. ராஜேந்திர பிரசாத் தலைமையில் நிவாரணக் கமிட்டி வேலை செய்தது.

பணத்துக்குக் கணக்குப் பார்க்க நாணயமான ஆள் வேண்டும். குமரப்பாவை அழைத்தார்கள்.

தொண்டர் ஒருவருக்கு ஒரு நாள் சாப்பாட்டுச் செலவு மூன்று அணா என்று குமரப்பா வரையறுத்தார். (ஒரு ரூபாய்க்கு 16 அணா. இன்றைய கணக்கில் மூன்று அணா என்பது 19 காசுக்கும் குறைவு.) அதற்கு மேல் ஒரு காசு கிடையாது.

அந்தச் சமயத்தில் காந்தியடிகள் தம் பரிவாரத்துடன் பீகாருக்கு வந்தார். அவர்களுடைய சாப்பாட்டுக்கும் மோட்டாருக்கும் ஆகும் செலவை என்ன செய்வது?

நிவாரண நிதியில் இருந்து தர முடியாது என்று குமரப்பா சொல்லிவிட்டார். அது பூகம்பத்தில் வீடு இழந்தவர்களின் பணம். காந்தியடிகளே வந்தாலும் அதில் கை வைக்கக்கூடாது!

காந்தியடிகள் கோபித்துக்கொண்டாரா? இல்லை. அந்த ஆண்டு முடிவதற்குள் அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தை வார்தாவில் ஏற்படுத்தி, அதன் காரியதரிசியாகக் குமரப்பாவையே அமர்த்தினார்.

கடவுள் பக்தி என்பது பெரிய பெரிய காரியங்களில்தான் இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். குமரப்பாவுக்கு அது மூன்று அணாவில் இருந்தது.

புலியா? குரங்கா? தேனீயா?

1942-ம் ஆண்டு 'வெள்ளையனே வெளியேறு' போராட்டத்துக்குப் பிறகு, குமரப்பா மறுபடியும் சிறைப்பட்டார். ஜபல்பூர் சிறையில் இருந்தபோது இரண்டு புத்தகங்கள் எழுதினார். ஒன்று, இயேசுவின் வாழ்க்கையையும் போதனையையும் பற்றியது. இன்னொன்று, நிலைத்து நிற்கும் பொருளாதாரத்தைப் பற்றியது.

ஒரே சிறை, ஒரே பேனா, இரண்டு புத்தகம். ஒன்று ஆண்டவரைப் பற்றி, மற்றொன்று அரிசி பருப்பைப் பற்றி! குமரப்பாவுக்கு இரண்டும் ஒரே விஷயம்தான். காந்தியடிகள் இரண்டுக்கும் முன்னுரை எழுதினார்.

பொருளாதாரம் என்றதும் பயந்துவிட வேண்டாம். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர்களுக்கும் புரியும்படி, அதை மிருகங்களையும் பறவைகளையும் காட்டி விளக்கினார் குமரப்பா.

புலி ஆட்டைக் கொன்று தின்கிறது. அதற்கு உணவு தந்த உயிரே அழிந்துவிடுகிறது. இது முதல் வகை.

குரங்கு மாமரத்தில் ஏறிப் பழம் தின்கிறது. மரத்தைக் கொல்லவில்லை. ஆனால், மரத்துக்குத் தண்ணீர் ஊற்றவும் இல்லை. இது இரண்டாம் வகை.

தேனீ பூவில் இருந்து தேன் எடுக்கிறது. எடுக்கும்போதே மகரந்தத்தைச் சுமந்து சென்று காய் பிடிக்க உதவுகிறது. வாங்கியதற்குப் பதில் தருகிறது. இது மூன்றாம் வகை.

அந்தத் தேனீ, தேனைத் தனக்கென்று வைத்துக்கொள்ளாமல் கூட்டுக்கே கொண்டுவந்து சேர்க்கிறது. இது நான்காம் வகை.

தாய்ப் பறவை அலைந்து திரிந்து இரை கொண்டுவந்து குஞ்சுக்கு ஊட்டுகிறது. குஞ்சிடம் இருந்து எதையும் எதிர்பார்ப்பதில்லை. இதுதான் ஐந்தாம் வகை. இதற்கு மேல் ஒன்றும் இல்லை!

குமரப்பா பார்த்த இயேசு இந்த ஐந்தாம் வகை. தனக்கென்று ஒன்றும் வைத்துக்கொள்ளாமல் பிறருக்காக உயிரையே கொடுத்தவர்.

அவரைக் கும்பிடுகிறவர் ஞாயிற்றுக்கிழமை காலையில் தாய்ப் பறவையைப் புகழ்ந்து பாடிவிட்டு, திங்கட்கிழமை கடையைத் திறந்ததும் புலியாக மாறிவிட்டால்? அந்தப் பாட்டுக்கு என்ன அர்த்தம்?

வாங்குகிறவருக்கும் பொறுப்பு உண்டு

குமரப்பா இன்னொன்றும் வற்புறுத்தினார். ஒரு பொருளை விற்கிறவருக்கு மட்டும் அல்ல, வாங்குகிறவருக்கும் தர்மம் உண்டு. அந்தப் பொருள் யாரையாவது வதைத்துச் செய்யப்பட்டிருந்தால், அதை வாங்குகிறவரும் அந்தப் பாவத்தில் பங்காளி ஆகிறார்.

கொங்கு நாட்டுக்காரர்களுக்கு இது மிக நன்றாகப் புரியும். இது பஞ்சாலையும் பனியனும் சோறு போடும் பூமி. உடுமலையும் 2009-ம் ஆண்டு முதல் திருப்பூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது.

மேற்கு மாவட்டங்களில் சில பஞ்சாலைகள் 'சுமங்கலித் திட்டம்' என்று சொல்லி இளம்பெண்களை வேலைக்குச் சேர்த்தன. மூன்று வருஷம் விடுதியில் தங்கி வேலை செய்தால், கல்யாணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை கிடைக்கும் என்றார்கள். ஆனால், வெளியே போக முடியவில்லை, நேரம் காலம் இல்லாமல் வேலை வாங்கினார்கள், பாதியில் நின்றால் பணம் இல்லை என்று புகார்கள் எழுந்தன. வழக்குகள் கோர்ட்டு வரை சென்றன.

அந்த நூலில் நெய்த சட்டை யார் யார் உடம்பில் இருக்கிறது? குமரப்பா இருந்திருந்தால் முதலில் இதைத்தான் கேட்டிருப்பார்.

வார்தாவில் அவர் செக்கு எண்ணெய், கைக்குத்தல் அரிசி, பனை வெல்லம், தேனீ வளர்ப்பு, கைக் காகிதம் ஆகியவற்றை வளர்த்ததும் இதனால்தான். மண்ணெண்ணெய்க்குப் பதிலாகத் தாவர எண்ணெயில் எரியும் 'மகன் தீபம்' என்ற விளக்கும் அங்கே உருவாயிற்று. ஊர் எள்ளு ஊர்ச் செக்கில் ஆடினால், எண்ணெய் வீட்டுக்கு, புண்ணாக்கு மாட்டுக்கு, கூலி பக்கத்துத் தெருக்காரருக்கு! பணம் ஊரிலேயே சுற்றும்.

இன்று மரச்செக்கு எண்ணெயும் நாட்டுச் சர்க்கரையும் மறுபடியும் கடைகளில் வந்திருக்கின்றன. உடம்புக்கு நல்லது என்று வாங்குகிறோம். அது பக்கத்து வீட்டுக்காரனின் வயிற்றுக்கும் நல்லது என்பதற்காக வாங்கச் சொன்னவர் குமரப்பா.

குடும்பஸ்தருக்கு இது முடியுமா?

"குமரப்பா கல்யாணம் செய்துகொள்ளாதவர். பிள்ளை குட்டி இல்லை. அவருக்கு என்ன? சொல்லிவிடலாம். பள்ளிக்கூடச் சம்பளம், வீட்டு வாடகை, மகள் கல்யாணம் என்று இருக்கிறவர்கள் இப்படி வாழ முடியுமா?"

நியாயமான கேள்வி. இதற்குப் பதில் தேடித் தே. கல்லுப்பட்டி வரை போக வேண்டியது இல்லை. அதே சாலையில், பழனியைத் தாண்டியதும் ஒட்டன்சத்திரத்தில் இறங்கினால் போதும்.

ஒட்டன்சத்திரம் என்றால் காய்கறிச் சந்தை நினைவுக்கு வரும். அங்கே இன்னொன்றும் உண்டு. கிறிஸ்தவ ஐக்கிய ஆஸ்பத்திரி. உடுமலைப் பக்கத்தில் இருந்தும் நோயாளிகள் போகிற தூரம்தான்.

1955-ம் ஆண்டு டாக்டர் ஏ. கே. தரியனும் தோழர்களும் அதைத் தொடங்கினார்கள். படித்த டாக்டர்கள். பெரிய ஊரில் பலகை மாட்டி இருந்தால் பணம் கொட்டி இருக்கும். அவர்கள் டாக்டர் இல்லாத கிராமப் பகுதியாகப் பார்த்து வந்தார்கள்.

வந்ததோடு விடவில்லை. ஒரே சமூகமாகச் சேர்ந்து வாழ முடிவு செய்தார்கள். மனைவி மக்களோடு வாழ்ந்துகொண்டே அதைச் செய்தார்கள்.

அந்த ஆஸ்பத்திரி வளர்ந்தது. நர்சுப் பயிற்சியும் வந்தது. கிராமத்து மக்களுக்குக் கண் சிகிச்சை முகாம்களும் நடந்தன. முருகனைக் கும்பிடுகிறவர்களும் அல்லாவைத் தொழுகிறவர்களும் அங்கே மருந்து வாங்கினார்கள். நோய்க்கு மதம் ஏது?

தட்டும் டம்ளரும்

எல்லோரும் குமரப்பா ஆக வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. எல்லோரும் ஒட்டன்சத்திரம் டாக்டர்கள் ஆகவும் முடியாது. உடுமலையில் இருக்கும் ஒரு குடும்பம் என்ன செய்யலாம்?

கடைக்காரர் என்றால், தராசின் முள்ளைச் சரியாக வைக்கலாம். தோட்டக்காரர் என்றால், தேங்காய் விலை இறங்கினாலும் மரம் ஏறியவரின் கூலியைக் குறைக்காமல் இருக்கலாம். உத்தியோகஸ்தர் என்றால், மேஜைக்குக் கீழே கை நீட்டாமல் இருக்கலாம்.

எல்லாவற்றையும் விடக் கடினமானது ஒன்று இருக்கிறது. அதுதான் சாதி!

கடவுள் முன்னால் எல்லோரும் சமம் என்று சொல்லும் மதத்திலும் அது புகுந்துவிட்டது. தமிழ்நாட்டில் சில ஊர்களில் கிறிஸ்தவர்களின் கல்லறைத் தோட்டத்திலேயே சாதிக்குச் சாதி சுவர் இருந்திருக்கிறது. உயிரோடு இருக்கும்போது பெஞ்சியில் பிரிவினை. செத்த பிறகு மண்ணிலும் பிரிவினை!

கொங்கு நாட்டு டீக்கடைகளில் தனி டம்ளர் வைத்த கொடுமையும் எல்லோருக்கும் தெரிந்ததே. அந்த டம்ளரைக் கண்டும் காணாமல் காப்பி குடித்துவிட்டுக் கோவிலுக்குப் போகிறவர், எந்த மதத்தைச் சேர்ந்தவராக இருந்தால் என்ன?

தன் வீட்டு வேலைக்காரம்மாவுக்குத் தான் சாப்பிடும் தட்டிலேயே சோறு போட்டுக் கொடுப்பதற்குப் பணம் தேவை இல்லை. படிப்புத் தேவை இல்லை. மனசு இருந்தால் போதும்.

எஜமானரின் எஜமானர்

தே. கல்லுப்பட்டியில் குமரப்பாவின் அறையில் ஒரு படம் இருந்ததாம். வந்தவர்கள் எல்லாம் அது யார் என்று கேட்பார்களாம். பெரிய மகான் யாரும் இல்லை. ஓர் ஏழைக் குடியானவரின் படம்!

காந்தியடிகள் தன்னுடைய எஜமானர். இந்த ஏழையோ அந்த எஜமானருக்கே எஜமானர் என்று குமரப்பா விளக்கம் சொல்வாராம். பசித்தவருக்கும் சிறையில் இருப்பவருக்கும் செய்ததை எனக்கே செய்ததாக ஏற்பேன் என்பது இயேசு போதித்த கருத்து. அதைத்தான் குமரப்பா சுவரில் மாட்டி வைத்திருந்தார்.

ரத்தக் கொதிப்பு அவரை வெகுகாலம் வாட்டியது. 1960-ம் ஆண்டு சென்னையில் அவர் காலமானார். அன்று ஜனவரி 30-ந் தேதி. 12 ஆண்டுகளுக்கு முன்பு காந்தியடிகள் சுடப்பட்டு இறந்த அதே தேதி!

சொத்து என்று அவர் சேர்த்து வைக்கவில்லை. பிறர் பணத்துக்கு எழுதிய கணக்கில் பிழை இருந்தது என்று யாரும் சொன்னதும் இல்லை.

இன்று ஞாயிற்றுக்கிழமை. கோவிலுக்குப் போகிறவர்கள் போய் வருவார்கள். நாளைக்குக் கடை திறக்கும். ஆலைச் சங்கு ஊதும். தோட்டத்துக்கு ஆள் வருவார்கள். யாருடைய பக்தி உண்மையானது என்பது நாளைக்குத்தான் தெரியும்.